தானா கருக்கற கண்ணாடி சரி, கீழ இருக்கற லீவரை யாரு சொல்லித்தர்றது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க,

உங்க ஞாயித்துக்கிழமை பக்கத்துல, ராத்திரில பின்னாடி வர்ற வண்டியோட ஹெட்லைட் கண்ணுல அடிக்காம தானாவே கருத்துக்கற கார் கண்ணாடி பத்தி போட்டிருந்தீங்க. நல்லாதான் எழுதிருந்தாங்க, குறை சொல்ல வரல. ஆனா அதை படிச்சுட்டு எங்கிட்ட வண்டி கத்துக்கறவங்க சில பேர் போன் போட்டு "டீச்சர், அந்த கண்ணாடி வாங்கி மாட்டிட்டா ராத்திரில பயமில்லாம ஏற்காடு போயிட்டு வந்துரலாமா"ன்னு கேட்டாங்க, ஆமான்னும் சொல்ல முடியல இல்லன்னும் சொல்ல முடியல, சொல்ல ஆரம்பிச்சா பெருசா போகுது, அதான் உங்களுக்கே எழுதிரலாம்னு உக்காந்துட்டேன். நான் சேலத்துல டிரைவிங் ஸ்கூல்ல கார் ஓட்ட சொல்லித்தர்றேன், பெரும்பாலும் பொம்பளைங்களுக்கு, ஓரளவு ஓட்டத் தெரிஞ்ச பிறகு அடிவாரம் தாண்டி மலை ரோட்டுக்கும் கூட்டிட்டு போவேன்.

அந்த கண்ணாடி விஷயத்துல மொதல்ல ஒரு குழப்பம் இருக்கு. வெயில்ல போனா கருப்பாகற மூக்குக்கண்ணாடி இருக்குல்ல, அதேதான் இதுன்னு நெறைய பேர் நெனைக்கறாங்க. அது வேற இது வேறங்க. மூக்குக்கண்ணாடி வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிர் பட்டு மாறும், அதுக்கு கரண்ட் வேணாம். கார் கண்ணாடில ரெண்டு கண்ணாடித் தகடு, நடுவுல மெல்லிசா ஒரு ஜெல், தகடு ரெண்டுலயும் உள்பக்கமா கரண்ட் கடத்தற பூச்சு, பாத்தா அந்த பூச்சு இருக்கறதே தெரியாது. ஒன்றரை வோல்ட்டுக்கும் கம்மியா குடுத்தா போதும், ஜெல்லுக்குள்ள ஒரு கெமிக்கல் எலக்ட்ரான் வாங்கிக்கும் இன்னொண்ணு குடுத்துரும், ரெண்டும் நிறம் மாறி கண்ணாடி நீலமும் பச்சையுமா இருட்டிக்கும். கரண்டை நிறுத்துனா கொஞ்ச நேரத்துல பழையபடி வெளுத்துரும், அதனால பியூஸ் போனாகூட கண்ணாடி கருப்பாவே நின்னு நம்மள கவுத்திடாது, வெளிச்சமாதான் நிக்கும், யோசிச்சு பண்ணிருக்காங்க.

இதை கார்ல கொண்டுவந்தது அமெரிக்கால மிச்சிகன் மாநிலத்துல இருக்கற ஜென்டெக்ஸ்ங்கற கம்பெனி, 1974ல ஆரம்பிச்சப்போ அவங்க செஞ்சது புகை வந்தா கத்தற அலாரம், கண்ணாடி இல்ல. 1982ல கண்ணாடிய மோட்டார் வெச்சு தானா சாய்க்கற மாதிரி ஒண்ணு பண்ணாங்க, அப்புறம் 1987ல இந்த ஜெல் கண்ணாடி. போயிங் 787 விமானத்துல ஜன்னலுக்கு ஷட்டரே இல்லாம பட்டன தட்டுனா நீலமா இருட்டுதுல்ல, அதுவும் இதே வகை வித்தைதான். இப்போ நம்மூர்ல டாப் வேரியண்ட் கார்ல உள் கண்ணாடி இப்படி வருது, வெளிக் கண்ணாடியும் கருக்கற மாதிரி வேணும்னா இன்னும் பெரிய காசு வண்டிக்கு போகணும்.

உங்க கட்டுரைல விட்டுப்போனது சென்சார் எங்க இருக்குங்கறது. அதுல ரெண்டு சென்சார். ஒண்ணு கண்ணாடிக்கு முதுகுப்பக்கம், முன் கண்ணாடி வழியா வெளிய பாத்துட்டு இருக்கும், வெளிய இருட்டா வெளிச்சமான்னு பாக்கறது அதோட வேலை. இன்னொண்ணு நம்ம மூஞ்சி பக்கம், பின்னாடி இருந்து லைட் அடிக்குதான்னு பாக்கும். வெளிய இருட்டு, பின்னாடி மட்டும் வெளிச்சம்னா உடனே கருக்கும். ரிவர்ஸ் கியர் போட்டா எவ்வளவு லைட் அடிச்சாலும் வெளுத்துரும், பின்னாடி நல்லா தெரியணும்ல. இப்போ நம்மாளுங்க என்ன பண்றாங்கன்னா கண்ணாடி தண்டுல சாமி டாலர், ஜெபமாலை, காஞ்சுபோன பூச்சரம், குழந்தையோட குட்டி ஷூ எல்லாத்தையும் மாட்டி, பத்தாததுக்கு முதுகுப்பக்கம் டேஷ் கேமராவையும் ஒட்டி முன் சென்சாரை மூடிடறாங்க. அது பாவம் பட்டப்பகல்லயும் ராத்திரின்னு நெனச்சுக்கும், மத்தியானம் பன்னெண்டு மணிக்கு கண்ணாடி கருத்து நிக்கும், அப்புறம் சர்வீஸ்ல போய் கண்ணாடி ரிப்பேர்னு சண்டை. பின் கண்ணாடிக்கு வெயில் வலை மாட்டறவங்களுக்கு வேற தொல்லை, மூஞ்சி பக்க சென்சாருக்கு வெளிச்சமே சரியா வந்து சேராது, கருக்க வேண்டிய நேரத்துல கருக்காது. துடைக்கறப்பவும் கண்ணாடி மேல நேரா ஸ்பிரே அடிக்கக்கூடாது, ஓரத்துல உள்ள இறங்கிரும், துணில அடிச்சுட்டு துடைக்கணும்.

சரி, இவ்வளவு நல்ல சாமான்தானே, அப்புறம் என்னங்கறீங்களா. நான் சொல்ல வர்றது என்னன்னா எங்கிட்ட வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க வீட்டுல இருக்கறது பேஸ் மாடல் இல்ல நடு மாடல், பழைய வண்டி வாங்கி ஓட்டறவங்களும் நெறைய. அவங்க கார்லயே கூசாம பாக்கற வழி ஏற்கனவே இருக்கு, உள் கண்ணாடிக்கு அடில தொங்குதே சின்ன கருப்பு லீவர், அதுதான். அது எதுக்குன்னு யாருக்குமே தெரியல. இதுக்குதாங்க எனக்கு ஆதங்கம்.

ஒரு அக்கா, பேங்க்ல வேலை பாத்து ரிட்டையர் ஆனவங்க, மலைல இருந்து பொழுது சாய்ஞ்ச நேரம் இறங்கிட்டு இருக்கோம், அவங்கதான் ஓட்டறாங்க. பின்னாடி ஒரு பெரிய வண்டி ஒட்டிக்கிட்டே வர்றான், லைட் உள்ள வந்து டேஷ்போர்டே வெளுத்து கெடக்கு, அக்காவுக்கு கண்ணு கூசி கழுத்தை ஒரு பக்கமா சாய்ச்சு சாய்ச்சு ஓட்டறாங்க, அப்புறம் தாங்காம ஒரு கையால கண்ணாடியவே புடிச்சு கூரைய பாத்து திருப்பி விட்டுட்டாங்க. இப்போ பின்னாடி என்ன வருதுன்னு ஒண்ணுமே தெரியாது, வளைவு வேற வருது. ஓரங்கட்டி நிறுத்த சொல்லி, கண்ணாடிய சரியா வெச்சு, அந்த லீவரை நம்ம பக்கமா இழுத்து காட்டுனேன். டக்குனு லைட் அடங்கி ரெண்டு சின்ன புள்ளியா தெரிஞ்சது. அக்கா சொல்றாங்க, "இது சாமி டாலர் மாட்டற கொக்கின்னுல்ல டீச்சர் இத்தனை நாளா நெனச்சுட்டு இருந்தேன்." அவங்க சொந்தமா கார் வெச்சிருக்கறவங்க, சும்மா வந்தவங்க இல்ல.

அது எப்படி வேலை செய்யுதுன்னா, உள் கண்ணாடி தட்டையா தெரிஞ்சாலும் உள்ள அது ஆப்பு வடிவம், ஒரு பக்கம் தடிமனாவும் ஒரு பக்கம் மெல்லிசாவும் இருக்கும். முதுகுல வெள்ளிப் பூச்சு, பகல்ல நாம பாக்கறது அந்த பூச்சுல விழற பிம்பம். லீவரை இழுத்தா பூச்சோட பிம்பம் மேல கூரைக்கு போயிரும், நமக்கு வர்றது முன்பக்க வெறும் கண்ணாடில பட்டு திரும்பற வெளிச்சம் மட்டும், அது சுமார் 4 சதவீதம்தான். கரண்ட் வேணாம், சென்சார் வேணாம், கெட்டுப்போக ஒண்ணுமில்ல. ஒரு குறை இருக்கு, அந்த நிலைல வண்டி எவ்வளவு தூரத்துல வருதுன்னு கணக்கு போடறது கஷ்டம், லைட் மட்டும் தெரியும் வண்டி தெரியாது, அதனால லேன் மாறப்போறீங்கன்னா ஒரு தடவை தள்ளி பாத்துட்டு மறுபடி இழுத்துக்கணும். கண்ணாடிய உங்க உயரத்துக்கு வெக்கறதும் லீவர் பகல் நிலைல இருக்கறப்பதான் வெக்கணும், இல்லன்னா எப்பவும் கோணலாவே இருக்கும். ஜெல் கண்ணாடில இந்த தொல்லை இல்ல, தேவையான அளவுக்கு மட்டும் கருக்கும், அதுதான் அதோட உண்மையான மேன்மை, அதை ஒத்துக்கறேன். இன்னொண்ணு, சில பேஸ் மாடல்ல இந்த லீவர் கூட குடுக்க மாட்டேங்கறாங்க, அங்க மிச்சம் பிடிச்சு என்னத்த கட்டப்போறாங்களோ.

வெளிக் கண்ணாடிக்கு லீவர் கிடையாது. வலது பக்க கண்ணாடில லைட் அடிச்சா நான் சொல்லித்தர்றது, அதை கொஞ்சம் வெளிப்பக்கமா திருப்பி வெச்சுக்கோங்க, நம்ம கார் உடம்பு கண்ணாடி ஓரத்துல தெரிஞ்சும் தெரியாத அளவுக்கு. நேர் பின்னாடி வர்றவனோட லைட் உள் கண்ணாடில மட்டும் விழும், பக்கத்து லேன்ல வர்றவனும் இன்னும் நல்லா தெரிவான். சில பேர் பின் கண்ணாடில கருப்பு பிலிம் ஒட்டிட்டா தீந்துச்சுன்னு சொல்றாங்க, 2012ல சுப்ரீம் கோர்ட்டே பிலிம் ஒட்டக்கூடாதுன்னு சொல்லிருச்சு, பின் கண்ணாடில 70 சதவீத வெளிச்சமாவது உள்ள வரணும். அதோட ராத்திரி மலைல ரிவர்ஸ் எடுக்கறப்ப பிலிம் ஒட்டுன கண்ணாடி வழியா பள்ளம் எங்க ரோடு எங்கன்னு பாத்திருக்கீங்களா, பாத்தா அப்புறம் ஒட்ட மாட்டீங்க.

இப்போ அந்த போன் கேள்விக்கு வர்றேன். ஏற்காடு ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவு. நாம வளைவுல திரும்பி கீழ் ரோட்டுக்கு வந்திருப்போம், பின்னாடி வர்றவன் இன்னும் மேல் ரோட்டுலயே இருப்பான், அவன் லைட் நமக்கு கண்ணாடி வழியா வராது, பக்கவாட்டுல ஜன்னல் வழியா கன்னத்துல அடிக்கும். எதிர்ல ஏறி வர்றவன் லைட் நேரா முன் கண்ணாடில. இது ரெண்டுக்கும் எந்த கண்ணாடி மாட்டுனாலும் பிரயோஜனம் இல்ல, பின்னாடி இருந்து கண்ணாடில படற லைட்டை மட்டும்தான் அது தடுக்கும். பனி இறங்கிட்டா இன்னும் மோசம், அப்போ ஹை பீம் போடறவன் எதிராளிக்கு மட்டும் இல்ல அவனுக்கே குழி வெட்டிக்கறான், வெளிச்சம் பனில பட்டு அவன் கண்ணுக்கே திரும்பி வரும்.

நாலு வழிச் சாலைல எதிர் லைட்டுக்கு ஒரு மருந்து உண்டு, நடுவுல வெச்சிருக்கற அரளிச் செடி. அது அழகுக்குன்னு நெறைய பேர் நெனைக்கறாங்க, எதிர்ப்பக்க லைட்டை மறைக்கறதுதான் அதோட முக்கியமான வேலை. ஆடு மாடு திங்காது, தண்ணி கம்மியா போதும், அடர்த்தியா வளரும். கோயமுத்தூர் ரோடானாலும் பெங்களூர் ரோடானாலும் செடி நல்லா நிக்கற இடத்துல ஓட்டிப் பாருங்க, செடி காஞ்சு கெடக்கற இடத்துல ஓட்டிப் பாருங்க, வித்தியாசம் கண்ணே சொல்லும். செடி காஞ்சு கெடக்கற இடத்துக்கு தண்ணி லாரி விடச்சொல்லி ஒரு செய்தி போட்டா எத்தனையோ ஆயிரம் வண்டிக்கு ஒரே நேரத்துல கூசறது கொறையும். இதுக்கெல்லாம் டாப் வேரியண்ட் வேணாம்.

எல்லாத்துக்கும் மேல, கூசறவன் காசு போட்டு கண்ணாடி வாங்கணும்ங்கறதே எனக்கு ஒப்பல. கூச வைக்கறவனை யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல. சட்டம் இல்லாம இல்ல, 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 106வது விதி இருக்கு, லைட்டுக்கு 8 மீட்டர் முன்னாடி, தரைல இருந்து 1.5 மீட்டர் உயரத்துல கண்ணு இருக்கற ஆளுக்கு கூசாத மாதிரி லைட் கீழ சாய்ஞ்சிருக்கணும்னு. ஒரு காலத்துல ஹெட்லைட் நடுவுல கருப்பு பொட்டு ஒட்டுவாங்க, மேல் பாதிக்கு கருப்பு பெயிண்ட் அடிப்பாங்க, ஞாபகம் இருக்கறவங்களுக்கு இருக்கும். இப்போ ஆக்சசரீஸ் கடைக்கு போனா ஆலசன் பல்பை கழட்டிட்டு எல்இடி பல்பு சொருகி குடுத்துடறாங்க. ஆலசன் பல்புக்குள்ள கம்பி எந்த இடத்துல எரியுதோ அதுக்கு அளவெடுத்துதான் பின்னாடி இருக்கற ரிப்ளெக்டரை வடிவமைச்சிருக்காங்க, எச்4ங்கற வகை பல்புல லோ பீம் கம்பிக்கு கீழ ஒரு சின்ன தகடு கூட இருக்கும், லைட் மேல போகாம தடுக்க. அந்த இடத்துல வேற வடிவத்துல எரியற எல்இடிய வெச்சா லோ பீம் போட்டாலும் லைட் நாலா பக்கமும் சிதறும், வாங்குனவருக்கு ரோடு பளிச்சுன்னு தெரியுதுன்னு சந்தோஷம், எதிர்ல வர்ற பைக்காரனுக்கு ரோடே தெரியாது. கம்பெனிலயே எல்இடி ஹெட்லைட்டோட வர்ற வண்டிய சொல்லல, அது அதுக்குன்னு வடிவமைச்சது, சொருகி விடறதை சொல்றேன்.

பைக்காரங்க பாடு தனி. 2017 ஏப்ரல்ல இருந்து வர்ற புது டூவீலர்ல ஹெட்லைட்டை அணைக்கவே முடியாது, வண்டி ஸ்டார்ட் ஆனா எரியும், அது நல்லதுக்குதான், ஆனா ஹை பீம் பட்டன் எந்தப் பக்கம் கெடக்குன்னே பாக்காம பகல் ராத்திரி எல்லா நேரமும் ஹை பீம்லயே போறவங்க பாதிப்பேர். சேலம் அஞ்சு ரோட்டுல சிக்னல்ல நிக்கறப்ப பின்னாடி பாருங்க. சொன்னா "அப்படியா அக்கா, எரியுதா"ங்கறாங்க, திமிர்ல இல்ல, நெசமாவே தெரியல.

இன்னொரு சின்ன திருகு பத்தி கட்டாயம் எழுதணும். நெறைய கார்ல ஸ்டியரிங் பக்கத்துல 0, 1, 2, 3ன்னு போட்ட ஒரு திருகு இருக்கும், ஹெட்லைட்டை கீழ இறக்கறதுக்கு. பின் சீட்டுல மூணு பேர், டிக்கில பெட்டி படுக்கைன்னு ஏத்துனா வண்டி பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கும், லைட்டும் சேந்து தூக்கும். ஒரே ஒரு டிகிரி தூக்குனா 50 மீட்டர் தள்ளி லைட் கிட்டத்தட்ட 87 சென்டிமீட்டர் மேல ஏறிரும், அதாவது ரோட்டுல விழ வேண்டிய லோ பீம் முன்னாடி போற கார்க்காரன் கண்ணாடில போய் விழும். டிரைவர் லோ பீம்லதான் போறார், அவர் மேல தப்பு சொல்லவும் முடியாது, ஆனா கூசுது. அந்த திருகை ரெண்டுக்கோ மூணுக்கோ வெச்சா லைட் இறங்கிரும். ஏற்காட்டுக்கு வர்ற டூரிஸ்ட் வண்டி எதுவும் காலியா வர்றதில்ல, குடும்பத்தோட பாத்திரம் பண்டம் வரைக்கும் ஏத்திட்டுதான் வர்றாங்க, அதுல யாராவது இந்த திருகை தொட்டு நான் பாத்ததில்ல. எல்எல்ஆர் பரீட்சைல ரோட்டு போர்டு படம் எல்லாம் கேக்கறாங்க, நல்லது, ஆனா லைசன்ஸ் எடுக்க வர்றவங்ககிட்ட இந்த திருகு எது, அந்த லீவர் எது, டிம் எப்ப அடிக்கணும்னு காட்டச் சொல்லி ஒரு கேள்வி கேட்டா என்ன கொறைஞ்சு போகுது.

வயசானவங்களுக்கு ஒரு வார்த்தை. வெளிச்சம் பட்டதும் இருட்டுக்கு கண்ணு பழகறது வயசாக ஆக மெதுவாகும், புரை விழ ஆரம்பிச்சாலும் ராத்திரி லைட்ட சுத்தி வளையம் மாதிரி தெரிஞ்சு கூசலாம். அதனால இந்த வருஷம் திடீர்னு எல்லாருடைய லைட்டும் கூசுதுன்னு தோணுச்சுன்னா கண்ணாடிக் கடைக்கு போறதுக்கு முன்னாடி கண் டாக்டர்கிட்ட போங்க. காரோட முன் கண்ணாடிய உள்பக்கமும் துடைங்க, டேஷ்போர்டு பாலிஷ் ஆவி படிஞ்சு எண்ணெய் பூசுன மாதிரி ஒரு மங்கல் இருக்கும், பகல்ல தெரியாது, எதிர்ல லைட் வந்தா முழு கண்ணாடியும் வெள்ளையாகும்.

உங்ககிட்ட கேக்கறது இதுதாங்க. மே மாசம் கோடை விழாவுக்கு கூட்டம் ஏறும், அதுக்கு முன்னாடி அடிவாரத்துல ஒரு சுவத்த வெள்ளையடிச்சு கோடு போட்டு, வண்டிகளோட ஹெட்லைட் போகஸ் செக் பண்ற மாதிரி ஒரு முகாம் போடச்சொல்லி போக்குவரத்து துறைக்கு போய்ச் சேர்ற மாதிரி எழுதுங்க, பைன் போடணும்னு கூட இல்ல, ஸ்க்ரூடிரைவர் வெச்சு சரி பண்ணி அனுப்புனாலே போதும். எப்சிக்கு, அதாவது வண்டி தகுதிச் சான்றுக்கு, வர்ற வண்டில சொருகுன எல்இடி இருந்தா கழட்டிட்டு வரச்சொல்லி திருப்பி அனுப்பணும்னும் எழுதுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை பக்கத்துல லீவரையும் அந்த 0, 1, 2, 3 திருகையும் பெருசா படம் போட்டு எப்படி உபயோகிக்கறதுன்னு ரெண்டு வரி எழுதுனா கட் பண்ணி எங்க ஸ்கூல் சுவத்துல ஒட்டிக்கறேன். படம் எடுக்க வண்டி வேணும்னா எங்க ஸ்கூல் காரையே எடுத்துக்கங்க, அது டாப் மாடல் எல்லாம் இல்ல, லீவர் மாடல்தான்.

இப்படிக்கு,
ஒரு டிரைவிங் ஸ்கூல் டீச்சர்,
அஸ்தம்பட்டி, சேலம்.